இன்று ரயில் இல்லை

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில் டவின் என்றொரு சிற்றூர். அங்கிருந்து மலைக்குள் போகும் டாலிலின் ரயிலில் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் ஏறி இறங்க வேண்டும். மறுபக்கக் கதவுகள் திறக்காது, 1866இலிருந்தே அப்படித்தான்.

அந்த ஆண்டு அரசு ஆய்வாளர் கேப்டன் டைலர் அளவுகோலும் கையுமாக வந்தார். ரயில் பாதையின் குறுக்கே மேலே போகும் பாலங்களின் அடியில் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி இடம்கூட இல்லை. விதிப்படி இரண்டரை அடி இருந்தாக வேண்டும். பாலத்தை இடித்துக் கட்டினால் செலவு. எனவே பாலங்களுக்கு அடியில் தண்டவாளத்தைக் கொஞ்சம் ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார்கள். இடம் கிடைத்த பக்கம் கதவு. இடமில்லாத பக்கம் கதவுக்கு நிரந்தரத் தாழ். கட்டில் நுழையாத அறைக்காகக் கட்டிலின் காலை அறுத்த கதைதான். ஆய்வாளரும் சம்மதித்துவிட்டார்.

இந்த ஒப்பேற்றல்தான் டாலிலினின் பரம்பரைக் குணம். அது பிறந்த கதையும் அப்படி. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் மான்செஸ்டர் ஆலைகளுக்குப் பஞ்சு வருவது நின்றது. அங்கிருந்த மெக்கானல் குடும்பத்துப் பஞ்சாலை முதலாளிகள், பணத்தை வேறெதில் போடலாம் என்று தேடி, பிரின் எக்லுயிஸ் என்ற மலைச் சுரங்கத்தில் கூரைக்கான சிலேட்டுக் கல் வெட்டப் போனார்கள். கல்லை இறக்க ஏழேகால் மைல் குறும்பாதை போட்டார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டடி மூன்று அங்குல அகலம். எஞ்சின்கள் இரண்டே: டாலிலின், டோல்காக்.

ஊர் பார்க்க வந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு விசித்திர வசதி இருந்தது. கடைசி ரயிலை விட்டுவிட்டு மலையிலேயே பொழுதைக் கழிக்க விரும்பினால் காலியான கல் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். எஞ்சின் வேண்டாம். சரிவு பார்த்துக்கொள்ளும். உருண்டபடியே ஊர் வந்து சேரலாம். இன்றைய பாதுகாப்பு அதிகாரி எவராவது இதைக் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார்.

1911இல் சுரங்கத்தையும் ரயிலையும் சேர்த்து வாங்கியவர் அந்தத் தொகுதியின் லிபரல் கட்சி எம்.பி. ஹேடன் ஜோன்ஸ். 1946 இறுதியில் சுரங்கம் சரிந்து மூடப்பட்டது. ஏற்றக் கல் இல்லை. கணக்குப் பார்க்கிற முதலாளி அன்றே ரயிலையும் நிறுத்தியிருப்பார். ஜோன்ஸோ தாம் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொல்லி, கோடைக்காலத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நாட்களில், பொறியாளரும் எழுத்தாளருமான எல்.டி.சி. ரோல்ட் இந்த ரயிலில் போகவென்றே டவின் வந்தார். நிலையத்தில் அவரை வரவேற்றது கையால் எழுதிய ஓர் அறிவிப்பு: இன்று ரயில் இல்லை. எஞ்சின் பழுது. வேறொருவராக இருந்தால் கடற்கரைக்குப் போய்விட்டு, மாலையில் புகார்க் கடிதம் எழுதியிருப்பார். ரோல்ட் தண்டவாளத்தின் வழியே நடக்கத் தொடங்கினார். பாதை நெடுகப் புல் மூடிக் கிடந்தது. கட்டைகள் உளுத்துப்போன இடங்களில் தண்டவாளத்தைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் புல்வேர்தான் என்று பின்னாளில் பேசிக்கொண்டார்கள். ரயிலில் போயிருந்தால் ஜன்னல் வழியே மலையைப் பார்த்திருப்பார். நடந்து போனதால் பாதையைப் பார்த்தார். ரயில் ஏறாமலே ஒரு ரயில் பயணம்! ‘ரயில்வே அட்வெஞ்சர்’ என்று 1953இல் அவர் எழுதிய புத்தகத்துக்கும், அதற்கு முன் நடந்த அத்தனைக்கும் அந்த நடைதான் விதை.

1948இல் பிரிட்டிஷ் அரசு ரயில்களை நாட்டுடைமை ஆக்கியபோது டாலிலினைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் அதே அகலத்தில் ஓடிய காரிஸ் ரயில் பட்டியலில் இருந்தது. அதே ஆண்டில் அதை மூடிவிட்டார்கள். அரசின் கண்ணில் பட்டது செத்தது, படாதது பிழைத்தது.

1950 ஜூலையில் ஹேடன் ஜோன்ஸ் காலமானார். அக்டோபரில் பர்மிங்காமில் ரோல்ட் கூட்டிய கூட்டத்தில் ரயில் பித்தர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். 1951 மே 14 அன்று தொண்டர்கள் கையில் முதல் ரயில் புறப்பட்டது. உலகத்தில் அதற்கு முன் எந்த ரயிலையும் தொண்டர்கள் எடுத்து நடத்தியதில்லை. மூடிய காரிஸின் எஞ்சின்கள் இரண்டையும் தலைக்கு 25 பவுண்டுக்கு வாங்கினார்கள். அதில் ஒன்று, பாதை அகன்று கிடந்ததால் தண்டவாளங்களுக்கு நடுவே இறங்கிவிட்டது. அந்தப் பருவம் முழுவதும் பாரத்தில் பெரும்பங்கை இழுத்தது கிழட்டு டோல்காக்தான்.

தொண்டு செய்ய வந்தவர்களில் வில்பர்ட் ஆட்ரி என்ற பாதிரியாரும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்க்கும் தாமஸ் ரயிலைப் படைத்தவர். கார்டாக நின்றவர் ஒருநாள் அவசரத்தில் கொடியை அசைக்க, சிற்றுண்டி விற்கும் அம்மாள் ஏறுவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. அந்த அம்மாளின் வசவு என்னவாயிற்றோ, சம்பவம் 1955இல் வந்த அவருடைய ‘ஃபோர் லிட்டில் எஞ்சின்ஸ்’ புத்தகத்தில் ஒரு கதையாயிற்று.

பிரிட்டன் எங்கும் கிளைப் பாதைகளைப் பிடுங்கிப் போட்ட காலத்துக்குப் பிறகு, 1976இல், இந்தத் தொண்டர்கள் பயணிகள் பாதையை இன்னும் முக்கால் மைல் நீட்டினார்கள். 2021இல் வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது டாலிலினும் அதில் அடங்கியது. நம் நீலகிரி மலை ரயில் அந்தப் பட்டியலில் 2005இலேயே ஏறிவிட்டது.