கரும்புத் தோட்டத்துச் சிறுத்தை

புலியைப் படமெடுக்கக் காட்டுக்குப் போக வேண்டும். சிறுத்தைக்கு, புனே மாவட்டம் ஜுன்னரின் கரும்புத் தோட்டமே போதும். பகலெல்லாம் கரும்புக்குள் பதுங்கும் அது, இரவில் நாய், ஆடு தேடி வெளியே வருகிறது.

இருட்டில் சிக்குவது பெரும்பாலும் மங்கலான உருவம்தான். கம்ப்யூட்டர் முன் உட்காரும் படக்காரருக்குக் கை துறுதுறுக்கும். வெளிச்சத்தைக் கூட்டலாம், புள்ளிகளைத் துலக்கலாம். பின்னால் நிற்கும் மின்கம்பத்தையும் வெட்டிவிட்டால் அசல் காட்டு மிருகம்!

ஆய்வாளர்களுக்கோ அழகு முக்கியமில்லை. பக்கத்து மாவட்டத்து அகோலேயில் வித்யா அத்ரேயா குழுவினர் தானியங்கி கேமராக்களை வைத்தார்கள். சிறுத்தைக்குச் சிறுத்தை புள்ளிக்கோலம் வேறு. ஒரே சிறுத்தையின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றல்ல. அதனால் இப்படிப்பட்ட கணக்கெடுப்பில் பாதையின் இருபுறமும் கேமரா வைப்பார்கள். 2013-ல் முடிவு வெளியானது. சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழும் விளைநிலத்தில், 100 சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 5 வளர்ந்த சிறுத்தைகள்!

அவை வழிதவறி வந்தவை அல்ல, அங்கேயே குடியிருப்பவை. இது புரியாமல் 2001 முதல் ஜுன்னரில் பல சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். மனிதர்கள் மீதான தாக்குதல் குறையவில்லை, கூடியது. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் அங்கே உண்டு.

படத்தின் மங்கலைத் துடைப்பதில் தவறில்லை. மின்கம்பத்தை வெட்டினால்தான் வம்பு. அந்தச் சிறுத்தையின் விலாசமே அதுதான்.