ஓம்னிக்கு வந்த பழைய ஹெட்

சுவரிதழில் எல்லோரும் கவிதை, விடுகதை, சுற்றுலா என்று எழுதுகிறீர்கள். எனக்கு அதெல்லாம் வராது. என் அப்பா கணியூரில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது ஸ்பேனரும் கிரீஸும்தான். அதையே எழுதுகிறேன்.

என் மாமா ஒரு மாருதி ஓம்னி ஓட்டுகிறார். தினமும் காலையில் நம் ஊர்ப் பக்கத்து அக்காமார்களை ஏற்றிக்கொண்டு போய் பனியன் கம்பெனியில் விடுவார். என் அம்மாவும் அந்த வண்டியில்தான் தையலுக்குப் போகிறார். போன மே மாதம் வழியில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. இன்ஜின் கொதித்து நின்றது. அப்பா ஆயில் கேஜைப் பிடுங்கிப் பார்த்தார். ஆயில் பால் காபி மாதிரி இருந்தது. தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது என்று அர்த்தம். கழற்றினால் ஹெட்டே விரிசல்.

வண்டி நின்ற நாளெல்லாம் அம்மா பஸ்ஸில் போனார். பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அரை ஷிப்ட் போய்விடும். திங்கள்கிழமைக்குள் வண்டி வராவிட்டால் வேறு வேன் வைத்துக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கு அந்த வாடகைதான் வருமானம். புது ஹெட் வாங்கப் பணமில்லை. ஓம்னி தயாரிப்பும் 2019-இலேயே நின்றுவிட்டது. அதனால் கோயம்புத்தூர் உக்கடத்தில் ஒரு கடையில் பழைய ஹெட் எடுத்து வந்தார்கள். "நாங்க செக் பண்ணி, நல்லா இருந்தாத்தான் எடுத்துக்குவோம்" என்று அப்பா முதலிலேயே பேசிவிட்டுத்தான் பணம் கொடுத்தார். இது ரொம்ப முக்கியம்.

அதைப் பார்த்ததும் மாமா, "நல்லாத்தான் இருக்குதுங் மச்சான், மாட்டிரலாமுங்க" என்றார். அப்பா, "பளபளன்னு இருந்தாத்தான் மாப்ளே எனக்குப் பயமே" என்றார். சுத்தமாகத் துடைத்து வைத்த ஹெட்டில் பழைய கதை எதுவும் தெரியாதாம். கரி படிந்ததாக இருந்தால் அந்தக் கரியே சொல்லிவிடும். ஒரு சிலிண்டர் அறை மட்டும் கழுவிவிட்டதுபோல இருந்தால் அங்கே தண்ணீர் இறங்கியிருக்கிறது.

முதலில் வளைவு பார்த்தோம். நேரான ஸ்டீல் பட்டையை ஹெட்டின் அடிப்பரப்பில் நிறுத்தி வைத்து, அதன் அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நீளவாக்கில், குறுக்குவாக்கில், மூலைக்கு மூலை, எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும். 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. நம் தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி! நான் டார்ச் பிடித்தேன். பட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்தால் இடைவெளி இருக்கும் இடத்தில் வெளிச்சம் கசியும்.

ஏன் வளைகிறது என்று கேட்டேன். அப்பா, "சூடுதான் கண்ணு" என்பதோடு விட்டுவிட்டார். நான் இயற்பியல் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஹெட் அலுமினியம். அது 1 டிகிரிக்கு 10 லட்சத்தில் 23 பங்கு நீளும். இரும்பு ஏறக்குறைய அதில் பாதிதான். 30 செ.மீ. அலுமினியத் துண்டு 80 டிகிரி கூடுதலாகச் சூடானால் அரை மில்லிமீட்டருக்குமேல் நீளும். சுற்றிலும் எஃகு போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும்போது அது எங்கே போகும்? வளைந்துதான் ஆகும், இல்லையென்றால் விரியும். அப்பாவிடம் காட்டினேன். "பரவால்லியே" என்றார், அவ்வளவுதான்.

வளைந்திருந்தால் கிரைண்டிங் கொடுத்துச் சமப்படுத்தலாம். ஆனால் ஹெட்டே வாழைப்பழம்போல வளைந்திருந்தால் மேலே கேம் ஷாஃப்ட் உட்காரும் இடமும் வளைந்திருக்கும். அடியை மட்டும் சீவினால் மேல் பக்கம் நேராகாது. அதனால் கேம் ஷாஃப்ட்டைப் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தோம். எங்கேயும் பிடிக்காமல் சுற்றியது. மாமா முகம் மலர்ந்தது.

அடுத்தது விரிசல். இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவில் இருக்கும் ஒல்லியான பாலத்தையும், பிளக் ஓட்டையைச் சுற்றியும் பார்க்க வேண்டும். அங்கேதான் சூடு அதிகம். மண்ணெண்ணெயைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவினோம். (வீட்டில் இருந்த சாக்பீஸ்தான் மிஸ், வகுப்பில் எடுத்ததில்லை!) விரிசலுக்குள் ஒளிந்த மண்ணெண்ணெய் மெதுவாக வெளியே வந்து பொடியை நனைத்துக் கோடு காட்டும். பெரிய ஒர்க்‌ஷாப்பில் இதற்கே சிவப்புச் சாயமும் வெள்ளை ஸ்பிரேயும் வைத்திருப்பார்கள். தத்துவம் ஒன்றுதான்.

நடு சிலிண்டரில் கோடு வந்தது. முடிபோல ஒரே ஒரு கோடு. மாமா, "கரி கீறலா இருக்குமுங்க" என்றார். அப்பா துடைத்துவிட்டு மறுபடி தூவினார். அதே இடத்தில் மறுபடி வந்தது. யாரும் பேசவில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை மறுபடி உக்கடம். முதலிலேயே பேசியிருந்ததால் கடைக்காரர் மறுக்காமல் மாற்றிக் கொடுத்தார். இந்த முறை அப்பா நேராக உடுமலையில் ஒரு ரீபோரிங் கடைக்குக் கொண்டுபோனார். மண்ணெண்ணெய் மேல் விரிசலைத்தான் காட்டும், உள்ளே தண்ணீர் ஓடும் வழியில் இருப்பதைக் காட்டாது. அங்கே தண்ணீர் வழிகளைப் பட்டையும் ரப்பரும் வைத்து அடைத்து, ஹெட்டைச் சுடுதண்ணீரில் முக்கி, உள்ளே காற்று அடித்தார்கள். நாம் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்ப்போமே, அதேதான். சூடானால்தான் சில விரிசல் வாய் திறக்குமாம், அதற்காகவே சுடுதண்ணீர். குமிழி வரவில்லை.

வீட்டுக்கு வந்து வால்வு பார்த்தோம். பிளக்கை மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, மூன்று அறையிலும் பெட்ரோல் ஊற்றி வைத்தோம். ஒரு எக்ஸாஸ்ட் வால்வில் மட்டும் கசிந்தது. இது பயப்படும் குற்றமில்லை. பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும். அந்தத் தேய்க்கும் வேலை எனக்கு வந்தது. கை இரண்டும் சிவந்துவிட்டது. மறுபடி ஊற்றினோம், நின்றது.

ஞாயிற்றுக்கிழமை புது கேஸ்கெட் போட்டு, நடு போல்ட்டிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, ஒரேயடியாக இல்லாமல் மூன்று தவணையாக டார்க் ரெஞ்சில் முறுக்கினார் அப்பா. ஸ்டார்ட் செய்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்திருந்தோம். தொடர்ந்து குமிழி வந்தால் கேஸ் தண்ணீருக்குள் போகிறது என்று அர்த்தம். மூன்று பேரும் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எடுத்துட்டுப் போலாமுங்களா மச்சான்?"

"இன்னும் பத்து நிமிசம் ஓடட்டும் மாப்ளே."

அம்மா வாசலில் நின்று, "காலையில எத்தன மணிக்குடா வருவே?" என்று மாமாவைக் கேட்டார்.