மாசியில் வரும் பிள்ளைகள்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவரை எங்கள் பக்கத்தில் 'சபுராளி' என்பார்கள். கூத்தாநல்லூரில் சபுராளி இல்லாத வீடு குறைவு. ஊருக்குச் 'சின்ன சிங்கப்பூர்' என்ற பெயர் வந்ததே அதனால்தான். என் அத்தா நாகப்பட்டினத்தில் படகேறி, கரையை விட்டுத் தள்ளி நங்கூரமிட்டு நின்ற 'ரஜூலா' கப்பலைப் பிடித்து, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போனவர். நான் விமானமேறித் துபாய்க்குப் போனேன். இரண்டு தலைமுறை ஆண்கள் ஊர் ஊராகப் போனோம். பிள்ளைகள் வீட்டிலிருந்து தபாலையும் போனையும் பார்த்துக்கொண்டு வளர்ந்தார்கள்.

2018-இல் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளியிலிருந்து ஒரு வருடம் நிறுத்திவிட்டு மூன்று பேருமாகப் பயணம் போகலாம் என்றேன். என் மனைவி உடனே சம்மதிக்கவில்லை. "நீங்க பாக்காம விட்ட வருஷத்தயெல்லாம் ஒரே வருஷத்துல பாத்துடணும்னு ஆசப்படுறீங்க. அது புள்ளைக்குப் படிப்பாகுமா?" என்று கேட்டாள். இரண்டு நாள் யோசித்து ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். எந்த ஊர் லாட்ஜில் தங்கினாலும் சரி, சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் கணக்கும் தமிழும் நடக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் பயணத்தைப் படிப்பாக்கியது. ஊர் சுற்றினால் பிள்ளைக்குக் கண் திறக்கும், கூச்சம் போகும். பின்னக் கணக்கு வராது, ஒற்றுப்பிழை போகாது. அவற்றுக்கு யாராவது தினமும் பக்கத்தில் உட்கார வேண்டும்.

தலைக்காவிரியில் தொடங்கினோம். மழையில் நனைந்தபடி அந்தச் சின்னக் குளத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா அத்தா?" என்றாள். அங்கிருந்து ஆற்றோடு இறங்கி, ஒகேனக்கல் தாண்டி மேட்டூர் வந்தோம். ஜூன் 12-இல் திறக்க வேண்டிய அணை அந்த வருடம் ஜூலை 19-இல்தான் திறந்தது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். டி.எம்.சி. என்றால் என்ன என்பது மறுநாள் காலைப் பாடம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அதை ஒரே நாளில் விட வேண்டுமென்றால் விநாடிக்கு எத்தனை கன அடி விட வேண்டும்? 86,400-ஆல் வகுத்து வகுத்து, 11,574 என்று விடை வந்ததும் துள்ளிக் குதித்தாள். பேப்பரில் 'பத்தாயிரம் கன அடி திறப்பு' என்று வந்தால் இப்போதும் அவளுக்கு அளவு தெரியும்.

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவதைப் பார்த்தோம். நாங்கள் வெண்ணாற்றைப் பிடித்துக்கொண்டோம். நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் அது மறுபடியும் பிரிந்து, கோரையாறும் பாமணியாறும் தனியாகப் போகின்றன. காய்ந்த மணலில் தண்ணீரின் நுனி வருவதை அதற்கு முன் நானே பார்த்ததில்லை. நுரை, சருகு, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, மணல் குடித்தது போக மிச்சம்தான் நகர்ந்து வரும். அதன் பக்கத்திலேயே நடந்த மகள், "நம்மள விட மெதுவாத்தான் வருது" என்றாள். அணை திறந்த அன்றே வயலுக்குத் தண்ணீர் வந்துவிடும் என்று நினைக்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர்.

அந்த ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் போய் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தன. தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருக்க, எங்கள் கடைமடை விவசாயிகள் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று சாலை மறியல் செய்தார்கள். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் நடக்கும் என்று மகள் கேட்டாள். பதில் சொல்ல நானும் படிக்க வேண்டியிருந்தது. நவம்பர் 16-இல் எங்கள் பக்கத்தைக் கஜா புயல் அடித்தபோது தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் இருந்தோம். பயணத்தைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினோம்.

வேறொரு பிள்ளையைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு இங்கே வருவார்கள். எங்கள் மாவட்டத்துக்காரரான சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவல் இவர்களைப் பற்றியதுதான். உளுந்து தெளிக்காத வயல்களில் எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார்கள். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பது விவசாயி வாக்கு. ஆற்றில் தண்ணீர் வரும்வரை வயல் வயலாக நகர்வார்கள். குடும்பமும் கூடவே வரும்.

2019 மாசியில் பக்கத்து வயலில் ஒரு கிடை இறங்கியது. அதில் என் மகள் வயதில் ஒரு பெண் பிள்ளை. இரண்டும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டன. இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆடுகளில் எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று அந்தக் கிடைப் பிள்ளைக்குத் தெரியும். எந்தச் செடியைத் தின்றால் ஆட்டுக்கு வயிறு உப்பும் என்று தெரியும். விடிவெள்ளியைப் பார்த்து நேரம் சொல்வாள். ஆனால் மன்னார்குடி பஸ்ஸின் போர்டைப் படிக்கத் தெரியவில்லை. அவள் பெயர் சொந்த ஊர்ப் பள்ளியின் பதிவேட்டில் இருந்தது. முழு ஆண்டுத் தேர்வு வரும் பங்குனி, சித்திரையில் வருடம் தவறாமல் அவள் எங்களூர் வயலில் இருப்பாள்.

என் மகள் போனதும் நெடும்பயணம், அவள் போவதும் நெடும்பயணம். தண்ணீரை, மண்ணை, மிருகத்தை அவள் என் மகளைவிட ஆழமாகப் படித்தவள். திரும்பி வந்தபோது என் மகளுக்குப் பள்ளியில் இடம் காத்திருந்தது. பணம் கட்டினோம், சேர்த்துக்கொண்டார்கள். இவளுக்கு அப்படி ஒரு கதவு இல்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்குப் போனேன். இரண்டு மாதம் உட்கார வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழை, அதாவது டி.சி.யை, கொண்டு வரச் சொன்னார்கள். அவளுடைய அப்பா ஊருக்குப் போன் போட்டுச் சொல்லி, அங்கிருந்து பதில் வருவதற்குள் கிடை வடபாதிமங்கலம் பக்கம் நகர்ந்துவிட்டது.

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, டி.சி. வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. 15-ஆம் பிரிவு, சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் மறுக்கக் கூடாது என்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்டதற்குத் தனிப் பயிற்சி தரச் சொல்கிறது 4-ஆம் பிரிவு. அன்று பள்ளி வாசலில் நின்ற எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் திரும்பியிருக்க மாட்டேன். இங்கிலாந்தில் நாடோடிக் குடும்பத்துப் பிள்ளையின் பெயர் சொந்தப் பள்ளியில் அப்படியே இருக்க, போகிற ஊர்ப் பள்ளியிலும் பதிய வழி உண்டு. அதுபோல இங்கேயும் பதிந்து, தேர்வை இருக்கிற ஊரிலேயே எழுத விட வேண்டும். கீதாரிகள் வரும் மாதம் நமக்குத் தெரியும். இறங்கும் வயலும் தெரியும். இதற்குத் தனித் திட்டமோ பெரிய செலவோ வேண்டாம்.

வருகிற மாசியில் உங்கள் வயலில் கிடை இறங்கினால், ராத்திரிக்கு எவ்வளவு கூலி என்று பேசும்போதே எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். மறுநாள் காலை அவர்களைக் கைப்பிடித்துப் பக்கத்துப் பள்ளிக்குக் கூட்டிப் போங்கள். டி.சி. கேட்டால் 5-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். சேர்த்துக்கொள்ளும்வரை வாசலை விட்டு நகராதீர்கள்.