மாமாவின் ஈயச்சட்டி

ஞாயிற்றுக்கிழமை பசியாறல் முடிந்தால் எங்கள் மாமாவுக்கு இரண்டே வேலைதான். ஒன்று, மீன் பிடிக்கப் போவது. மழை பெய்தால், அடுத்த வாரம் மீன் பிடிக்கப் போவதற்காக ஈயம் உருக்குவது. கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கோல சிலாங்கூரில் அவர் தூண்டில் போடும் இடத்தில் நீரோட்டம் கடுமையாக இருக்கும். அடியில் கல்லும் பழைய கட்டைகளும் கிடக்கும். ஒரு காலைப் பொழுதில் ஏழெட்டு ஈயக் குண்டாவது சிக்கி அறுந்துபோகும். 'பத்து லாடுங்' என்று மலாய் நண்பர்கள் சொல்வதைத்தான் தூண்டில் போடும் நம்மவர்களும் சொல்கிறோம். கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று வீட்டிலேயே வார்க்க ஆரம்பித்தார். இருபது வருடம் ஆகிறது.

அவர் வார்ப்பதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். டயர் கடையிலிருந்து வாங்கி வந்த பழைய பேலன்ஸ் எடைகள், அறுந்த மீன்வலையின் ஈயமணிகள் எல்லாம் ஒரு இரும்புச் சட்டிக்குள் போகும். 327 பாகை செல்சியஸில் ஈயம் உருகும். சாதாரண கேஸ் அடுப்பே போதும். உருகியதும் ஒரு சின்ன மெழுகுத் துண்டைப் போட்டுக் கிளறுவார். புகை எழும், அழுக்கு மேலே வந்துவிடும். அதைக் கரண்டியால் வழித்துப் போட்டால் கீழே கண்ணாடி மாதிரி வெள்ளிக் குளம். அலுமினிய அச்சின் இரண்டு பாதிகளையும் மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கரி படிய வைப்பார். அப்போதுதான் குண்டு ஒட்டாமல் வரும். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டு சுருக்கம் விழுந்து பிறக்கும் என்று முதல் இரண்டு மூன்றை மறுபடியும் சட்டியிலேயே போட்டுவிடுவார். சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. உருகிய ஈயத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் நொடியில் ஆவியாகி 1,600 மடங்குக்கும் மேல் விரியும், ஈயம் முகத்தில் தெறிக்கும். இதெல்லாம் மாமாவுக்குத் தெரியும். சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஈரமான எடைகளை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பார்.

அவருக்குத் தெரியாதது வேறு.

என் மாமா மகள் போன வருடம் வேலைக்குத் திரும்பினாள். அவளுடைய ஒன்றரை வயது மகன் பகலெல்லாம் தாத்தா வீட்டில். தவழ்ந்து, நடந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் பருவம். தாத்தா வார்க்கும் இடமோ பின்கட்டு. துணி காயப்போடுவதும் அங்கே, பையன் பந்து உருட்டுவதும் அங்கே. வானொலியில் நான் நடத்தும் உடல்நல அங்கத்துக்காக அந்த வாரம் காரீயத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே போய் உட்கார்ந்ததும் என் கண் அடுப்புக்குப் போகவில்லை, தரைக்குப் போனது.

புகைதான் ஆபத்து என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஈயம் கொதிக்க 1,700 பாகைக்கும் மேல் வேண்டும். கேஸ் அடுப்பில் உருகும்போது கிளம்பும் ஈய ஆவி குறைவுதான். கண்ணுக்குத் தெரியும் புகை பெரும்பாலும் மெழுகும் அழுக்கும். ஆபத்து அந்த வழித்துப் போட்ட கசடில் இருக்கிறது. காய்ந்தால் சாம்பல் மாதிரி பொடியாகிவிடும். துடைப்பத்தால் பெருக்கினால் பறக்கும். சட்டையில் ஒட்டும், செருப்போடு வீட்டுக்குள் வரும், விரல் வழியாக வாய்க்குப் போகும். வயிற்றுக்குள் போன காரீயத்தைப் பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் மோசம். மூளை வளரும் வயதில் கவனம், படிப்பு, நடத்தை எல்லாவற்றையும் அது தொடும். வலியும் இருக்காது, காய்ச்சலும் வராது. பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? நான் வாயைத் திறந்ததுமே பதில் தயாராக இருந்தது.

"என்னம்மா நீ, உன் பாட்டி கடைசி வரைக்கும் ஈயச் சொம்புலதான் ரசம் வெச்சாங்க. தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாங்களா இல்லையா?"

மாமா தப்பாகச் சொல்லவில்லை. பாட்டியின் சொம்பு ஈயம், மாமாவின் குண்டும் ஈயம். தமிழ் நமக்குச் செய்த குழப்பம் இது. ரசச் சொம்பு வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் அதைத்தான். குண்டு காரீயம், லெட். இரண்டும் வேறு வேறு தனிமங்கள். அன்றாடப் பேச்சில் நாம் 'கார்' என்ற முன்னெழுத்தை உதறிவிட்டோம், இரண்டும் ஒன்றாகிப்போனது. மலாய்க்காரர்களும் இப்படியேதான் பெயர் வைத்திருக்கிறார்கள்: வெள்ளீயம் திமா, காரீயம் திமா ஹீத்தாம், அதாவது கறுப்புத் திமா. ரோமானியர்களும் லத்தீனில் வெள்ளை, கறுப்பு என்றுதான் இரண்டையும் பிரித்தார்கள். கிந்தா பள்ளத்தாக்கிலும் தைப்பிங்கிலும் ஈயச் சுரங்கம் என்றால் வெள்ளீயம்தான். அந்தச் சுரங்கங்களால் வளர்ந்த நாட்டில் 'ஈயம்' என்ற சொல்மீது யாருக்குச் சந்தேகம் வரும்?

(ஈயச் சொம்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். காரீயம் கலந்திருந்தால், புளி ஊற்றிக் கொதிக்க வைக்கும் ரசம்தான் அதை நன்றாகக் கரைத்து எடுக்கும்.)

வாதம் செய்வதைவிட ஒரு வெள்ளைத் தாள் உதவியது. மாமாவின் குண்டு ஒன்றை எடுத்துத் தாளில் தேய்த்தேன். பென்சில் கோடு மாதிரி சாம்பல் கீற்று. அவர் கைவிரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் அதே சாம்பல். பிறகு அவராகவே ஒன்றைச் சொன்னார்: சின்ன ஈயமணிகளைத் தூண்டில் நரம்பில் வைத்துப் பல்லால் கடித்துத்தான் இறுக்குவாராம், நாற்பது வருடமாக. தூண்டில் போடுகிற எல்லாரும் அப்படித்தானாம். பேசிக்கொண்டே பேரனைத் தூக்கி அத்தையிடம் கொடுத்தார். நான் சொன்ன எந்தத் தகவலும் செய்யாத வேலையை அந்தக் கோடு செய்தது.

இரத்தப் பரிசோதனைக்கு மாமாவும் பேரனும் போனார்கள். பையனுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் மருத்துவர். மாமாவுடையது இருக்க வேண்டியதைவிடக் கூடுதல். இரத்தத்தில் உள்ள காரீயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும், ஆனால் எலும்பில் போய் உட்கார்ந்தது பல வருடம் அங்கேயே இருக்கும். இரண்டு மாதம் சட்டியைத் தொடக் கூடாது என்று உத்தரவு. எங்கள் குடும்பத்தில் மாமாவுக்கு உத்தரவு போட்ட முதல் ஆள் அந்த மருத்துவர்தான்.

வார்ப்பதை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. கையால் ஒன்றைச் செய்யத் தெரிந்த மனிதரிடமிருந்து அதைப் பிடுங்குவது எனக்குப் பிடிக்காது. ஆனால் இடம் மாறியது. நண்பர் ஒருவருடைய பட்டறையின் திறந்த கொட்டகைக்குச் சட்டி போய்விட்டது. பிள்ளைகள் வராத இடம். அதற்கென்று ஒரு சட்டையும் செருப்பும் அங்கேயே தொங்குகின்றன, வீட்டுத் துணியோடு அவற்றைத் துவைப்பதில்லை. கசடு மூடி போட்ட டின்னுக்குள் போகிறது. துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி. சட்டி, கரண்டி எதுவும் சமையலறைப் பக்கம் திரும்பி வரக் கூடாது. பழைய கார் பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பது அறவே கூடாது. அமிலமும், அந்த ஈயத்தில் கலந்திருக்கும் ஆர்செனிக், ஆன்டிமனியும் சேர்ந்தால் வருவது நச்சு வாயு. கடைசியாக, பல்லால் கடிப்பது போய் ஒரு பிளையர் வந்தது.

குண்டுக்கு மேல்பூச்சு போடும் யோசனை மாமாவுடையது. அமெரிக்காவில் துப்பாக்கிப் பிரியர்கள் வீட்டிலேயே காரீயத் தோட்டா வார்த்து, காலியான ரவைக்கூட்டில் மருந்து நிரப்பி மறுபடி பயன்படுத்துகிறார்கள். வெறும் காரீயம் துப்பாக்கிக் குழலுக்குள் அப்பிக்கொள்ளும் என்பதால் முன்பெல்லாம் கொழுப்பும் மெழுகும் தடவினார்கள். இப்போது பலர் பவுடர் பெயின்ட் பூசி, 200 பாகையில் வேகவைக்கிறார்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் ஒரு ரவை வைத்திருந்தாலே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாயும். அந்தப் பேச்சே நமக்கு வேண்டாம். ஆனால் பூச்சு தூண்டில் குண்டுக்கும் பொருந்துகிறது. 200 பாகையில் காரீயம் உருகாது, பூச்சு மட்டும் இளகிப் பரவித் தோல் மாதிரி மூடிக்கொள்ளும். அதன் பிறகு தாளில் தேய்த்தால் கோடு விழுவதில்லை. மாமா ஒரு பழைய டோஸ்டர் அவனை இதற்கென்றே ஒதுக்கி, மேலே சிவப்பு எழுத்தில் 'சாப்பாடு கிடையாது' என்று எழுதி வைத்திருக்கிறார். இப்போது குண்டுகள் பச்சை, ஆரஞ்சு என்று பாசார் மாலாம் மிட்டாய் மாதிரி இருக்கின்றன. பிள்ளைக் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டியதற்கு இது இன்னொரு காரணம் என்று அவள் சொல்கிறாள், பையனின் அம்மா.

ஆற்றில் அறுந்து விழும் குண்டுகள் பாக்கி. பிரிட்டனில் அன்னங்கள் அவற்றை விழுங்கிச் சாகிறது என்று 1987இல் சின்ன ஈயக் குண்டுகளின் விற்பனையையே தடை செய்தார்கள். இதைக் கேட்டதும் மாமா வெள்ளீயத்தில் வார்த்துப் பார்த்தார். 232 பாகையிலேயே உருகிவிட்டது, அச்சில் அழகாக நிறைந்தது. ஆனால் அதே அச்சில் காரீயக் குண்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் வருகிறது, விலையோ பல மடங்கு. முகத்துவாரத்து நீரோட்டத்தில் உருண்டு ஓடுகிறது என்று ஒரே நாளில் கைவிட்டுவிட்டார்.

இப்போது கல் நிறைந்த இடங்களில் மோட்டார் சைக்கிள் பட்டறையில் தூக்கிப்போடும் பழைய ஸ்பார்க் பிளக்கைக் கட்டுகிறார். சும்மா கொடுக்கிறார்களாம். போன வாரம் அதில் ஒரு சியாகாப் மாட்டியது, இரண்டு கிலோ. ஈயத்தில் பிடித்திருந்தால் மூன்று கிலோ வந்திருக்கும் என்கிறார்.