ஒரு ரப்பர்ச் சவ்வும் ஒரு கையெழுத்தும்



அமானிதம் என்றவுடன் நம்மில் பலருக்கும் பிறர் நம்மிடம் ஒப்படைத்த பணமோ நகையோதான் நினைவுக்கு வருகிறது. ஆலைக் குழாயில் உள்ள வால்வும் அமானிதமே என்பதைத் தோல் தொழிலாளர் ஒருவரின் கேள்வி நமக்கு உணர்த்தியது.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதல் நம் மக்கள் பலரின் வாழ்வாதாரம். அதன் கழிவு பாலாற்றுப் படுகையைப் பாழாக்கியதையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்ததையும் நாம் அறிவோம். கழிவுநீரில் எஞ்சும் குரோமியத்தைக் காரம் சேர்த்துச் சேறாகப் படியச் செய்து, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தும் முறையும் இன்று உள்ளது. இத்தகைய சேறும் அமிலமும் செல்லும் குழாய்களுக்கு ஏற்றது டயாபிரம் வால்வு.

சாதாரண கேட் வால்வில் கதவும் தண்டும் திரவத்திற்குள்ளேயே இருக்கும். அமிலம் அவற்றை அரிக்கும். சேறு இடுக்குகளில் இறுகும். டயாபிரம் வால்விலோ ரப்பர் அல்லது டெஃப்ளான் சவ்வொன்று இடையில் நிற்கிறது. கைச்சக்கரத்தைத் திருகினால் சவ்வு அழுந்தி வழியை அடைக்கும். திருகுப் பகுதியைத் திரவம் தொடுவதேயில்லை.

ஆனால் சவ்வு என்றென்றும் உழைப்பதில்லை. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளைந்து தளர்கிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் விரைவில் நசுங்குகிறது. அதன் தேய்மானம் வெளியே தெரியாது. கிழிந்தால், சக்கரத்தைப் பிடித்திருப்பவரின் கைமீதே அமிலம் கசியக்கூடும். ஆகவேதான் உரிய காலத்தில் அதனை மாற்றிப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார்கள்.

நம் மதரஸா மாணவர் ஒருவரின் தந்தையிடம், சவ்வுகளை மாற்றாமலேயே மாற்றியதாகக் கையெழுத்திடுமாறு மேற்பார்வையாளர் கூறியிருக்கிறார். "ஹஜ்ரத், நான் எவர் பணத்தையும் எடுக்கவில்லை. ஒரு கையெழுத்துத்தானே? மறுத்தால் வேலை போய்விடும். மூன்று பிள்ளைகள்" என்றார் அவர்.

பிழைப்பைப் பற்றிய அச்சத்தை இலேசாகப் பேசுவது கற்றவருக்கு அழகன்று. "இரவுப் பணிக்கு வருபவர் அந்தப் பதிவேட்டை நம்பித்தானே சக்கரத்தைத் தொடுவார், பாய்?" என்று மட்டும் கேட்டோம். நெடுநேரம் மௌனமாக இருந்தவர், "அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான்" என்றார்.

பொய்க் கையெழுத்து பொய்ச் சாட்சியே என்பதை எடுத்துரைத்தோம். எவரையும் எதிர்த்துப் பேசாமல், "மாற்றப்படவில்லை, புதிய சவ்வு வரவில்லை" என்று உள்ளதை எழுதலாமே என்றோம். அவ்வாறே எழுதினார். சில வாரங்களில் புதிய சவ்வுகள் வந்தன. அவரோ வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். மிகைநேர ஊதியம் நின்றுபோயிற்று. வருந்துகிறீர்களா என்று கேட்டோம். "கைச்செலவுக்கு முடை இருக்கிறது ஹஜ்ரத், உறக்கத்துக்கு முடையில்லை" என்றார்.

ஆலை நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜகாத்தைக் கணக்கிடும் அதே கவனத்தோடு சவ்வு மாற்றும் நாளையும் கணக்கிடுங்கள். உண்மையை எழுதியவரின் ஊதியம் உங்கள் ஆலையில் குறையாதிருக்கட்டும். தொழிலாளியின் கையும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.