மலைக்கு மாலை போட்ட ராத்திரி

உங்க ஊர்ல கரன்ட் போனா என்ன பண்ணுவீங்க? எங்க போடியில பாயைச் சுருட்டிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவோம். பகல் முழுக்கக் காய்ஞ்ச தளம், ராத்திரி பத்து மணிக்கும் தோசைக்கல்தான். நாலு குடம் தண்ணி ஊத்தி, ஈரத்துண்டை நெஞ்சுல போட்டுக்கிட்டுப் படுக்கணும். மறுநாள் செமஸ்டர்னாலும் இதே கதைதான். (செல்போன் டார்ச்சுல புக்கைத் திறந்தா, கொசுவும் கூட உட்கார்ந்து படிக்கும்!)

ஊரே இருட்டா இருக்கும்போது, மேற்கே மலையில தீ வளைஞ்சு வளைஞ்சு எரியும். 'மலைக்கு மாலை போட்டிருக்காங்க'ன்னு சின்ன வயசுல ரசிச்சிருக்கேன்.

அந்த ரசனையெல்லாம் 2018 மார்ச் 11 வரைக்கும்தான். குரங்கணி - கொழுக்குமலைப் பாதையில ட்ரெக்கிங் வந்தவங்க தீயில சிக்கி, 20 பேருக்கு மேல இறந்துட்டாங்க. பாதிக்கு மேல இளவட்டம். அன்னைக்கு ராத்திரி ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவே இல்லை. காய்ஞ்ச புல் சட்டுன்னு பத்திக்கும். சரிவுல தீ மேல்நோக்கி ஏறுற வேகத்துக்கு மனுஷனால ஓட முடியாது. மார்ச்ல ட்ரெக்கிங் ப்ளான் போடுறவங்க, வனத்துறைகிட்ட கேட்காம கிளம்பாதீங்க, ப்ளீஸ்.

இப்பவும் கரன்ட் போனா மாடிக்குத்தான் போறோம். மலையில வெளிச்சம் தெரிஞ்சா மட்டும் அம்மா படுக்க மாட்டாங்க. "மேல யாராவது போயிருக்காங்களாடா?"ன்னு கேட்டுக்கிட்டே நிப்பாங்க. கரன்ட் வந்து கீழே ஃபேன் சுத்துற சத்தம் கேட்டாலும், நாங்க உடனே இறங்குறதில்லை.