அம்மாவுக்கு விசா ஓகே... பிள்ளைக்கு? குவாங்சோ வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள்!

தெற்குச் சீனாவின் குவாங்சோ நகரம். முத்து நதிக்கரையில் 600 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது கேன்டன் டவர். எதிர்க்கரையில் வங்கிகள், நட்சத்திர ஹோட்டல்கள், ஜஹா ஹதீத் வடிவமைத்த ஓபரா ஹவுஸ் எனப் பளபளக்கும் பகுதிக்கு ஜூஜியாங் நியூ டவுன் என்று பெயர். இவ்வளவு பளபளப்புக்கு நடுவே, காலை நேரத்தில் ஹுவாஜியு சாலையில் ஒரு வரிசை நிற்கும். கையில் கனமான ஃபைலோடு அம்மா, பக்கத்தில் தூக்கம் கலையாத பள்ளிப் பிள்ளை. சில குடும்பங்களோடு, விமானம் பிடித்து வந்த அமெரிக்கக் கணவரும் நிற்பார்.

அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசல் அது. பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும்கூட அமெரிக்கத் தூதரக அலுவலகங்கள் உண்டு. சுற்றுலாவோ படிப்போ என்றால் அங்கேயே முடித்துவிடலாம். ஆனால், அமெரிக்கரை மணந்து அங்கேயே வாழப் போகிறவர், சீனாவின் எந்த மூலையில் இருந்தாலும் குவாங்சோவுக்குத்தான் வந்தாக வேண்டும். குடியேற்ற விசாவும், கல்யாணம் நிச்சயமானவர்களுக்கான கே-1 விசாவும் இந்த ஒரே வாசலில்தான்.

பெய்ஜிங்கிலிருந்து புல்லட் ரயில் ஏறினாலே ஏறக்குறைய 8 மணி நேரம். பனி கொட்டும் ஹார்பினிலிருந்து வருகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். வந்து இறங்கினால் புழுக்கம். காதில் விழுவதோ கேன்டனீஸ். வடக்கிலிருந்து வந்த பிள்ளைக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. அமெரிக்கா போவதற்கு முன்பே, சொந்த நாட்டிலேயே ஒரு வெளிநாட்டு அனுபவம்!

காலை டிபன் மட்டும் மனதைத் தேற்றிவிடும். அரைத்த அரிசி மாவைத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, ஆவியில் வேகவைத்து, சுருட்டி, சோயா சாஸ் விட்டுத் தருவார்கள். சியோங் ஃபன் என்று பெயர். இட்லியும் தோசையும் கல்யாணம் செய்துகொண்டால் இப்படித்தான் இருக்கும்.

ஃபைலுக்குள் என்ன?

அந்த ஃபைலுக்குள் ஒரு குடும்பத்தின் முழுக் கதையும் இருக்கிறது. கல்யாணச் சான்றிதழ், அம்மாவின் பழைய விவாகரத்துச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, போலீஸ் சான்று. இவற்றைச் சீன நோட்டரி அலுவலகத்தில் கொடுத்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு சின்னப் புத்தகம்போல் தைத்து வாங்க வேண்டும். கூடவே 'ஹுகோவ்' என்ற குடும்பப் பதிவேடு. நம் ரேஷன் கார்டையும் இருப்பிடச் சான்றையும் சேர்த்தால் வரும் ஆவணம் என்று வைத்துக்கொள்ளலாம். இது உண்மையான உறவுதான் என்று காட்ட, சேர்ந்து எடுத்த போட்டோக்களும் வீசாட் உரையாடல்களும் கட்டுக்கட்டாக இருக்கும்.

அம்மாவின் பேப்பர்கள் அலைச்சல்தானே தவிர, சிக்கல் அல்ல. சிக்கல் பெரும்பாலும் பிள்ளையின் பேப்பரில்தான்.

பலர் தடுக்கி விழும் முதல் இடம் இது. அமெரிக்கக் கணவர் மனைவிக்காக ஐ-130 மனு போடுகிறார். பிள்ளையும் அதிலேயே அடக்கம் என்று நினைத்துவிடுகிறார். அப்படி இல்லை. பிள்ளைக்குத் தனியாக இன்னொரு ஐ-130 போட வேண்டும். அதைப் போடாவிட்டால், அம்மாவின் கையில் விசா இருக்கும். பிள்ளை பாட்டி வீட்டில் நிற்கும்.

அடுத்தது வயசு. பிள்ளைக்கு 18 வயது நிறைவதற்கு முன்பே அந்தக் கல்யாணம் நடந்திருந்தால்தான், அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது கணவருக்கும் 'பிள்ளை'. பிறந்த நாளுக்கு மறுநாள் பதிவு செய்திருந்தால்கூட அந்த உறவு கணக்கில் வராது. 18 தாண்டிய பிள்ளை இருக்கும் ஜோடிகள் சீனாவில் பதிவுத் திருமணம் செய்யாமல் கே-1 வழியைத் தேடுவது இதனால்தான். அதில் 21 வயதுக்குள் உள்ள, கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு கே-2 விசா கிடைக்கும். அம்மா அமெரிக்கா போய் 90 நாளுக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். பள்ளி ஆண்டை முடித்துவிட்டு வர நினைக்கும் பிள்ளை, அம்மாவுக்கு விசா கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் பின்தொடரலாம். சீனாவில் ஜூன் மாதம் 'காவ்காவ்' எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. அதற்காகவே வருடக்கணக்கில் படித்த 17 வயதுப் பிள்ளையிடம், 'தேர்வை விட்டுவிட்டு வா' என்று எந்த அம்மாவால் சுலபமாகச் சொல்ல முடியும்?

எல்லாவற்றையும்விடக் கடினமானது, பெற்ற அப்பாவைப் போய்ப் பார்ப்பது. விவாகரத்து ஆனாலும் சீனச் சட்டப்படி அப்பா - பிள்ளை உறவு அறுவதில்லை. பிள்ளை யார் பொறுப்பில் என்று தீர்ப்பிலோ ஒப்பந்தத்திலோ தெளிவாக இருக்க வேண்டும். அவருடைய சம்மதமும் கையில் இருந்தால்தான் அம்மாவுக்கு நிம்மதி. 2015 வரை 'ஒரு குழந்தை' கொள்கை இருந்த நாடு என்பதை மறந்துவிடக் கூடாது. அப்பா வீட்டுத் தாத்தா, பாட்டிக்கு இருக்கும் ஒரே பேரப்பிள்ளை அதுவாக இருக்கலாம். அவர்களிடம் போய்க் கையெழுத்து கேட்பதும், நோட்டரி அலுவலகத்தில் முத்திரை வாங்குவதும் ஒன்றல்ல.

பார்பி கொடுத்த ஹோட்டல்

நேர்காணல் முடிந்த குடும்பங்கள் மாலையில் காலாற நடக்க ஏற்ற இடம் ஷாமியான் தீவு. இரண்டாம் அபினிப் போருக்குப் பிறகு பிரிட்டனும் பிரான்ஸும் பங்கு போட்டுக்கொண்ட மணல் திட்டு. இப்போது பெரிய ஆலமரங்கள், ஐரோப்பியப் பாணிக் கட்டடங்கள், வெண்கலச் சிலைகள் என்று அமைதியாக இருக்கிறது. 2013-ல் புது வளாகத்துக்கு மாறும்வரை அமெரிக்கத் துணைத் தூதரகம் இங்கேதான் இருந்தது.

அதன் அருகிலேயே 1983-ல் திறந்த ஒயிட் ஸ்வான் ஹோட்டல். சீனக் குழந்தைகளைத் தத்தெடுத்த அமெரிக்கத் தம்பதிகள், விசாவுக்காகத் தங்கிய ஹோட்டல் இது. கையில் சீனக் குழந்தையை ஏந்திய பார்பி பொம்மை ஒன்றை அவர்களுக்குப் பரிசாகக் கொடுப்பார்கள். மேட்டல் நிறுவனம் இதற்கென்றே செய்த பொம்மை! அமெரிக்கா போன அந்தக் குழந்தைகளின் எண்ணிக்கை 80,000-க்கும் மேல். 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவினர்கள் தத்தெடுப்பதைத் தவிர, வெளிநாட்டுத் தத்தெடுப்பைச் சீனா நிறுத்திவிட்டது.

தத்துப்பிள்ளைக்கும் மனைவியின் பிள்ளைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

சுவரில் எழுதிய கவிதைகள்

கடலைத் தாண்டி சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு வந்தால், படகில் போய்ப் பார்க்க ஏஞ்சல் ஐலேண்ட் என்றொரு தீவு. பெயர்தான் தேவதை. 1910 முதல் 1940 வரை, கப்பலில் வந்த சீனர்களை வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில் அடைத்து வைத்து விசாரித்த இடம். 'உங்கள் வீட்டுக்கு எத்தனை படிகள்?', 'அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கும்?' என்றெல்லாம் கேள்விகள் வரும். கணவன் சொன்னதும் மனைவி சொன்னதும் பொருந்தவில்லையென்றால் சிக்கல். காத்திருந்தவர்கள் மரச்சுவரில் செதுக்கிய கவிதைகள் இன்றும் இருக்கின்றன.

1882-ல் சீனத் தொழிலாளர்கள் வரக் கூடாது என்றே சட்டம் போட்ட நாடு அமெரிக்கா. 1943-ல் அதை நீக்கியபோதும் வருடத்துக்கு 105 பேர் என்றுதான் கணக்கு. அமெரிக்கக் குடிமக்களின் சீன மனைவிகள் அந்தக் கணக்கில் அடங்காமல் வரலாம் என்று 1946-ல்தான் வழி திறந்தது. குவாங்சோ கவுன்ட்டரில் இன்று 'கணவரை எங்கே முதலில் பார்த்தீர்கள்?' என்று கேட்பது எவ்வளவோ தேவலை.

'சித்தப்பா' என்றால் அப்பாவா?

வந்து இறங்கியதும் பிள்ளை போவது பள்ளிக்கு. ஆங்கிலம் தெரியாத பிள்ளையை வகுப்பில் சும்மா உட்கார வைத்தால் போதாது, மொழி புரிய உதவ வேண்டும் என்று 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள். அப்போது உதவி கிடைக்காமல் இருந்தவர்கள் சுமார் 1,800 பேர். சீன முகமே பார்க்காத சிறு ஊர்ப் பள்ளியில் இன்று சேரும் பிள்ளைக்கும் அந்தத் தீர்ப்பு துணை நிற்கிறது.

வீட்டில் வேறு ஒரு மொழிப் பிரச்னை. புது மனிதரை எப்படிக் கூப்பிடுவது? அமெரிக்க வீடுகளில் பேர் சொல்லியே கூப்பிடுவார்கள். பெரியவரைப் பேர் சொல்வது சீனப் பிள்ளைக்கு வராது. 'பாபா' என்றால் அப்பா. அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரர் சீனாவில் இருக்கிறார். அதனால் பெரும்பாலும் 'ஷூஷு'. நேர் அர்த்தம், சித்தப்பா! அம்மாவின் மறுமணத்தில் வந்தவரை 'சித்தப்பா' என்று அழைக்கும் வழக்கத்தைத் தமிழ் வீடுகளிலும் பார்க்கலாம். ஷூஷு சில வருடங்களில் பாபா ஆவதும் உண்டு, கடைசிவரை ஷூஷுவாகவே இருப்பதும் உண்டு. அவசரப்படாத கணவர் புத்திசாலி.

பேப்பர் வேலை மட்டும் முடிவதே இல்லை. கல்யாணமாகி 2 வருடம் ஆவதற்குள் வந்தால், முதலில் கிடைப்பது 2 வருட கிரீன் கார்டுதான். அது முடியும் முன் 'இன்னும் சேர்ந்துதான் வாழ்கிறோம்' என்று மறுபடி நிரூபிக்க வேண்டும்.

இப்போது அந்த வித்தியாசத்துக்கு வருவோம். 2001-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தத்துப்பிள்ளை உரிய விசாவோடு அமெரிக்க மண்ணில் கால் வைத்ததுமே குடிமகன் ஆகிவிடலாம். மனைவியின் பிள்ளைக்கு அது கிடையாது. கணவர் அமெரிக்கர் என்பதால் மட்டும் குடியுரிமை வராது. 16 வயதுக்குள் முறைப்படி தத்தெடுக்கலாம். ஆனால், அதற்குப் பெற்ற அப்பா தன் உரிமையையே விட்டுக்கொடுக்க வேண்டும். இன்னொரு வழி, அம்மா. கிரீன் கார்டு பெற்று, கணவரோடு வாழ்ந்து 3 வருடம் ஆனதும் அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அவர் குடிமகள் ஆகும்போது, கிரீன் கார்டோடு அவரிடம் வளரும் பிள்ளைக்கு 18 ஆகாமலிருந்தால், அதற்கும் தானாகவே குடியுரிமை. 10 வயதில் வந்த பிள்ளைக்குக் கவலை இல்லை. 16-ல் வந்த பிள்ளை, 18 ஆனபின் தானே தனியாக விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

சீனா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்கப் பாஸ்போர்ட் வந்தால் சீனப் பாஸ்போர்ட் போய்விடும். அதன்பின் கோடை விடுமுறைக்கு ஹார்பினில் இருக்கும் பாட்டியைப் பார்க்கப் போவதற்கும், அந்தப் பிள்ளை வெளிநாட்டுக்காரராக சீனாவின் விசா விதிகளைப் பார்த்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.